முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 42

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். மகன் ஏ லெவலில், அதாவது பள்ளி இறுதிப் படிப்பில், வேதியியலும் உயிரியலும் படிக்கிறான், ஃபார்மசிக்கு இடம் கிடைத்துவிடும். அவனோ நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று நிற்கிறான். “ஹீரோ முகமும் இல்லை, தம்பி. எதை வைத்துப் பிழைப்பான்?” என்று கேட்கிறார்.

அக்கா, முகத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். பிரிட்டனில் மேடையும் தொலைக்காட்சியும் ஓடுவதே குணச்சித்திர நடிகர்களால்தான். ஹாரி பாட்டர் உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கும். அதில் பெரியப்பா வெர்னனாக வந்த பருத்த மனிதர் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ், 2006-இல் ஒரு பள்ளி வாத்தியார் வேடத்துக்காக நியூயார்க்கில் மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர். நீங்கள் கவலைப்பட வேண்டியது முகத்துக்காக அல்ல, காலத்துக்காக. இந்தத் தொழில் பலருக்கு மெதுவாகத்தான் பழுக்கிறது.

அதே படங்களில் ஸ்னேப்பாக வந்த ஆலன் ரிக்மனையே எடுத்துக்கொள்வோம். 1946-இல் லண்டன் ஆக்டனில், ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்துவிட்டார், நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்தார். பதினெட்டு வயதில் நடிப்புப் படிக்கப் போவது அவருக்கே புத்திசாலித்தனமாகப் படவில்லை. செல்சி கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து, நண்பர்களோடு சேர்ந்து ஒரு டிசைன் ஸ்டூடியோ நடத்தினார். இருபத்தாறு வயதில்தான் ராடா என்ற லண்டன் நாடகப் பள்ளிக்குக் கடிதம் எழுதி ஆடிஷன் கேட்டார். அங்கே படித்த காலத்தில், பெரிய நடிகர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை மாட்டிவிடும் வேலையும் செய்திருக்கிறார். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுத் திரை ஓரத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு பெரிய பாடம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வெளியூர் நாடக அரங்குகள், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, 1982-இல் பிபிசி தொடர் ஒன்றில் குழைந்து குழைந்து பேசும் ஒரு பாதிரியார் வேடம். 1985-இல் மேடையில் வால்மான்ட் என்ற பிரெஞ்சுப் பிரபுவாக நடித்தார், அந்த நாடகம் பிராட்வே வரை போனது. அதே கதை ஹாலிவுட்டில் படமானபோது வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த மேடை வேடத்தைப் பார்த்துத்தான் ‘டை ஹார்ட்’ வில்லன் வேடம் தேடி வந்தது. 1988-இல் அந்தப் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 42. அதுதான் முதல் சினிமா.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ரிக்மன் போல ஒருவர் வந்தால், பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். நான் கேட்பது ஒன்றுதான்: இருபத்திரண்டிலிருந்து நாற்பது வரை உங்கள் மகன் என்ன செய்து வாழ்வான்? இதற்குப் பதில் அவனிடம் இருக்க வேண்டும். ரிக்மனிடம் கைத்தொழில் ஒன்று இருந்தது.

“சரி, அப்படியென்றால் முதலில் ஃபார்மசி முடிக்கட்டும்” என்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல். ஃபார்மசி நான்கு வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷப் பயிற்சி. இங்கிலாந்தில் ஒரு பட்டம் எடுத்தவருக்கு இரண்டாவது பட்டத்துக்குப் பெரும்பாலும் மாணவர் கடன் கிடைக்காது. அதாவது, பிறகு நாடகப் பள்ளிக்குப் போனால் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். ரிக்மன் காலத்துக் கணக்கு வேறு, இந்தக் காலத்துக் கணக்கு வேறு. அவர் தொழில் பழகிய வெளியூர் அரங்குகளிலும் வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நடிகர் குழு இப்போது அபூர்வம்.

அதனால் என் யோசனை இது. இந்த வருஷமே ஆடிஷனுக்குப் போகட்டும். ராடா, லாம்டா, கில்ட்ஹால் போன்ற நாடகப் பள்ளிகளில் நாலைந்து இடம் முயற்சி செய்யலாம். அங்கே ஏ லெவல் மதிப்பெண்ணைவிட ஆடிஷன்தான் பேசும். ராடா நடிப்புப் பட்டத்துக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 28 பேரைத்தான் எடுக்கிறது, விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். முதல் தடவையே கிடைக்காவிட்டால் யாரும் அழ வேண்டாம், மறுவருஷமும் போகலாம். ஃபார்மசி இடத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். நேஷனல் யூத் தியேட்டரையும் பாருங்கள், அது 25 வயது வரை உள்ளவர்களுக்கு.

பள்ளி முடித்த பிறகு ஏஜென்ட் பத்து முதல் பதினைந்து சதவீதம் கமிஷன் எடுப்பார். வேலை வாங்கித் தரும் முன்பே பணம் கேட்பவர் பக்கம் போகவே கூடாது. ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தில் மாணவனாகவே சேரலாம், குறைந்தபட்சச் சம்பளம் பேசித் தருபவர்கள் அவர்கள்தான். நடிகர்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்கள், ஆகவே ஜனவரி 31-க்குள் வரிக் கணக்கு கொடுக்கவும் பழக வேண்டும். இதைச் சொன்னால் பல பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். உங்கள் மகன் சுளிக்காமல் கேட்டால் நல்ல அறிகுறி.

ஆடிஷனுக்குப் பொதுவாக ஷேக்ஸ்பியரிலிருந்து ஒரு பகுதியும் நவீன நாடகத்திலிருந்து ஒன்றும் கேட்பார்கள். இரண்டையும் வரவேற்பறையில் உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள், அக்கா. ஷேக்ஸ்பியர் புரியாவிட்டால் பரவாயில்லை. சமையலறை வரை ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.