அடுப்படியும் கூடவே வர வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தென்னந்தோப்பும் இரண்டு மாடும் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கரூரில் கொடுத்துப் படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி, மே மாத லீவில் காஷ்மீர் வரை போய்வரலாம் என்கிறார். மொத்தம் 30 நாள். மாமாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அத்தைக்குச் சர்க்கரை. பசங்க ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும், வீட்டில் செய்கிற வேலையையே இன்னும் சின்ன இடத்தில் செய்யப்போகிறேனோ என்று இருக்கிறது. சொன்னால், "எதுக்கெடுத்தாலும் தடை சொல்றே" என்கிறார்.
- ஒரு வாசகி

பதில்: போய்வாங்க அம்மணி. ஆனால் மே மாதம் வேண்டாம், காஷ்மீர் வேண்டாம், வேனும் இப்போது வாங்க வேண்டாம்.

முதலில் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். கோபியிலிருந்து ஸ்ரீநகர் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போக வர 6,000 தாண்டிவிடும். முழங்கால் வலிக்காரரையும் நாலாவது படிக்கிற பிள்ளையையும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர்தான் உடம்புக்கு ஒத்துவரும். அப்படியானால் 30 நாளில் 24 நாளுக்கு மேல் சாலையிலேயே போய்விடும். காஷ்மீரைப் பார்க்க மிஞ்சுவது நாலைந்து நாள். இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் கையில் பேப்பரும் பேனாவும் கொடுத்து அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். சேலத்தில் ஏறுகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர் வழியாகத்தான் வடக்கே போகிறது. மே மாதத்தில் நாக்பூரும் ஜான்சியும் 45 டிகிரியைத் தொடும். தகரக் கூரை வேனுக்குள் அந்த வெயிலில் மதியம் எப்படி உட்காருவது? ஏசி இருக்கிறதே என்பார். 12 வோல்ட், 200 ஆம்பியர் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருந்தாலும் ஒரு டன் ஏசி இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகம். விடிய விடிய ஃபேன் ஓடும், லைட் எரியும், அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவது பெரிய ஆபத்து. அத்தை இன்சுலின் போடுகிறவர் என்றால், அந்த மருந்தும் வெயிலில் கெட்டுப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே மே மாதத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நம் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களையும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களையும் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடப்பவர்கள். அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் வண்டியிலேயே இருக்கும். ஆனால் ஓட்டுவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும். ஒருத்தர் தலையில் அத்தனையும் விழுந்தால் அந்த வண்டி ஒரு வாரம்கூடத் தாங்காது. அதே ஏற்பாட்டை உங்கள் வண்டிக்கும் கேளுங்கள். கிளம்புவதற்கு முன்பே, மாமா அத்தை இருக்கும்போதே பேசிவிடுங்கள். தண்ணீர் பிடிப்பதும் டாய்லெட் டேங்க்கைக் காலி செய்வதும் வீட்டுக்காரர் வேலை. வண்டி நகரும் முன் கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது பெரியவன் வேலை. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்புப் பற்ற வைப்பது. குக்கரில் அரிசிம்பருப்பு வைத்து இறக்கினால் ஆறு பேருக்கும் ஆயிற்று. ஒரே பாத்திரம்தான் கழுவ வேண்டும். அதுவும் ஒருநாள் உங்கள் கை, ஒருநாள் அவர் கை. அவருக்கு வைக்கத் தெரியாது என்றால், கிளம்ப இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளட்டும். இதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், ரூம் போட்டுத் தங்கி ஓட்டலில் சாப்பிடுகிற பயணம்தான் உங்களுக்கு ஓய்வு. அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டிசம்பரில் அரையாண்டு லீவு வருகிறது. அப்போது ஹம்பி, பாதாமி போய்வாருங்கள். ஹம்பி சுமார் 600 கிலோமீட்டர். மூன்று நாளில் ஆற அமரப் போய்ச் சேரலாம். துங்கபத்திரையில் நம் பவானி ஆற்றில் போலவே பரிசல் ஓடுகிறது. பாதாமிதான் பழைய வாதாபி. 642இல் நரசிம்மவர்ம பல்லவன் பிடித்த ஊர். ஏழாவது படிக்கிறவனுக்கு அந்தச் சிவப்புப் பாறைக் குகைகளை நேரில் காட்டுங்கள். அந்தப் பக்கத்து மெஸ்களில் சோள ரொட்டி கிடைக்கும். அத்தைக்கும் பிடிக்கும்.

காஷ்மீர் ஆசை தீர வேண்டுமானால் இன்னொரு வருஷம் ரயிலில் போகலாம். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஈரோடு வழியாகத்தான் கட்ரா போகிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது.

வேன் விஷயம். கரூர் ஆட்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊர். ஆனால் வண்டியை மாற்றிக் கட்டினால் ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி, ஆர்சி புக்கில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தபின் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். பெங்களூரிலும் கேரளத்திலும் கேரவன் வாடகைக்குக் கிடைக்கிறது. முதல் தடவை அப்படிப் போய்ப் பாருங்கள். எல்லா மாநிலத்துக்கும் பெர்மிட் இருக்கிறதா, ஆறு பேருக்கும் பெல்ட்டோடு சீட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியில் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், படுக்கையில் படுக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் கீழ்ப்பக்கம் காற்றுத் துளை உள்ள வண்டியாக எடுங்கள். குளிருக்கு உள்ளே கரி அடுப்பு மூட்டவே கூடாது.

திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டி வருகிற தொப்பூர் மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் விட்டவர்களால் அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதை வழி போகலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு, இரவுத் தடை வேறு.

மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும் தேதியை முடிவு செய்யுங்கள். வண்டி வந்த அன்றே கிளம்பிவிடாமல், ஒரு ராத்திரி வாசலிலேயே நிறுத்தி எல்லாரும் அதில் படுங்கள். நடுராத்திரி மாமாவால் கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்க முடிகிறதா, டாய்லெட்டுக்குள் திரும்ப இடம் போதுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். போதவில்லை என்றால், மறுநாளே வேறு வண்டி மாற்றிக் கேளுங்கள்.