போனென்காய்க்குப் போகலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் ஜப்பானின் கவாசாகி நகருக்கு வந்து சேர்ந்த உங்களுக்கு, வாரம் ஒருமுறை சென்றுவரும் தன்னார்வலர்களின் ஜப்பானிய வகுப்பிலிருந்து போனென்காய் என்னும் ஆண்டிறுதி விருந்துக்கு அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இசகாயா என்னும் மதுவும் உணவும் தரும் கடையில் இரண்டு மணி நேரம், தலைக்கு 4000 யென். 'சைவம் உண்பவனும் மது அருந்தாதவனுமான நான், என்4 என்னும் தொடக்கநிலை அளவு மொழியோடு அங்கே போய் என்ன செய்வது?' என்பது உங்கள் கேள்வி. தயங்காமல் போய் வாருங்கள்.

போனென்காய் என்றால் ஆண்டை மறக்கும் கூட்டம் என்று பொருள். மொழி கற்பவருக்கோ அது புதிதாக நினைவில் ஏற்றிக்கொள்ளும் கூட்டமாகவே அமைகிறது. வகுப்பில் நாம் 'தெசு', 'மாசு' என்று முடியும் மரியாதை வடிவத்தையே பழகுகிறோம். அதே ஆசிரியைகள் மேசையைச் சுற்றி அமர்ந்து தங்களுக்குள் பேசத் தொடங்கினால், 'தாபெதே ஷிமாத்தா' (சாப்பிட்டுவிட்டேன்) என்று பாடநூலில் படித்தது 'தாபெச்சாத்தா' என்று சுருங்கி விழுவதைக் கேட்கலாம். என் முதல் ஆண்டில் பாதிப் பேச்சு புரியவில்லை. ஆனால் அன்று பிடித்துக்கொண்ட பத்துப் பன்னிரண்டு தொடர்கள் இன்றும் நாவில் நிற்கின்றன. டிசம்பர் முதல் ஞாயிறன்று ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வும் முடிந்துவிடுவதால், பிழையாகப் பேசினால் என்ன ஆகுமோ என்ற அச்சமும் அந்நேரம் சற்றுக் குறைந்திருக்கும்.

மதுவைப் பற்றிக் கவலை வேண்டாம். 'நொமிமாசென்' என்றால் குடிக்க மாட்டேன். 'நொமெமாசென்' என்றால் குடிக்க இயலாது. இரண்டாவதைச் சொன்னால் மறுப்பு மென்மையாகிவிடும், யாரும் வற்புறுத்துவதும் அரிது. எல்லோரும் குவளையை உயர்த்தி 'கம்பாய்' என்று வாழ்த்துச் சொல்லும்போது ஊலாங் தேநீர்க் குவளையை உயர்த்தினால் போதும். பக்கத்திலிருப்பவரின் குவளை காலியாகும்போது நீங்கள் ஊற்றிக் கொடுங்கள். உங்கள் குவளையை நிறைவாகவே வைத்திருந்தால் அதில் யாரும் ஊற்ற வருவது அரிது.

உணவுதான் உண்மையான சிக்கல். 'நிகு' சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் இறைச்சி மட்டுமே விலகும். மீன் வரும், மீனை விலக்கினாலும் கத்சுவோபுஷி என்னும் உலர்மீன் சீவலில் எடுத்த 'தாஷி' சாறு குழம்பிலும் காய்கறிக் கூட்டிலும் கலந்திருக்கும். குளிர்ந்த தோஃபுவின் மேல்கூட அந்தச் சீவலைத் தூவியே கொண்டுவருவார்கள். ஆகவே இறைச்சி, மீன், தாஷி மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, கூட்டத்தை ஏற்பாடு செய்யும் 'கன்ஜி'க்கு முன்கூட்டியே எழுதுங்கள். அதைச் செய்யாத ஆண்டில் எனக்கு வாய்த்தவை எடமாமே என்னும் அவித்த பச்சை சோயா அவரையும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டுமே. இப்போதெல்லாம் வீட்டில் ஒரு கைப்பிடி தயிர்சாதம் உண்டுவிட்டே கிளம்புகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேச்சுக்கு ஒன்றை மட்டும் முன்னேற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது என்ற கேள்வி வட்டமாகச் சுற்றி வரும். மூன்று வாக்கியங்கள் போதும். அவற்றில் ஒன்று நீங்கள் செய்த அசட்டுத் தவறாக இருந்தால் மேசை முழுவதும் உங்கள் பக்கம் திரும்பும்.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் சிலர் 'நிஜிகாய்' என்று வேறு கடைக்கு நகர்வார்கள். அதற்குப் போகாமல் விடைபெறுவது குறையாகாது. பிரியும்போது 'யோய் ஒதோஷி ஓ' (நல்ல புத்தாண்டு அமையட்டும்) என்று வாழ்த்துங்கள். அது டிசம்பருக்கு மட்டுமே உரியது. ஜனவரி பிறந்தபின் வேறு வாழ்த்து.

வருவதா இல்லையா என்பதைக் குறித்த நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள். தலை எண்ணிச் சாப்பாடு முன்பதிவாவதால், அன்றைய தினம் வராமல் நின்றால் உங்கள் பங்கைப் பெரும்பாலும் அந்தக் கன்ஜியே தன் கையிலிருந்து கட்ட நேரிடும். அவரும் வாரந்தோறும் ஊதியமின்றி உங்களுக்குப் பாடம் சொல்லித் தருபவர்தானே.