சாவி கொடுத்துப் பறித்த கதை

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின வரலாற்று அறிஞர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் சிவில் உரிமை வழக்குக்கு உதவியவர், ஊர்வலத்திலும் நடந்தவர். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவர் எழுதிய வரலாற்றை எப்படி நம்புவது? ஒதுங்கி நின்று எழுத வேண்டாமா? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: ஒதுங்கி நிற்க அவரை யார் விட்டார்கள்?

1939இல், ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வுக்காக, வட கரோலினாவின் ராலே நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் படிக்க வருவார் என்று அங்கே யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை. வெள்ளையரோடு உட்காரக் கூடாதென்று தனி அறை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளை ஊழியர் கறுப்பருக்கு எடுத்துக் கொடுப்பதாவது! ஆவண அடுக்குகளின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். அவரே போய் வேண்டியதை எடுத்து, வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார். அதைப் பார்த்த வெள்ளை ஆய்வாளர்கள் 'எங்களுக்கும் சாவி வேண்டும்' என்று முறையிட, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில்தான், அடிமை முறை இருந்த காலத்தில் அந்த மாநிலத்தில் அடிமையாக இல்லாத கறுப்பர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை ஆவணம் ஆவணமாகப் புரட்டி எழுதினார். 1943இல் அது புத்தகமானது.

அப்புறம் வழக்கு. பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில், எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்று சொல்லும், 1868இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று உச்ச நீதிமன்றமே 1953இல் கேட்டது. அது வரலாற்றுக் கேள்வி. கறுப்பர் தரப்பில் வாதாடிய தர்குட் மார்ஷலின் வழக்கறிஞர் குழு, ஃபிராங்க்ளின் போன்ற வரலாறு தெரிந்தவர்களிடம் போகாமல் வேறு யாரிடம் போகும்? இரு தரப்பும் வைத்த வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு முடிவுக்கு வர இயலவில்லை என்று சொல்லிவிட்டு, பிரித்து வைப்பதே சமமின்மை என்று 1954இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபிராங்க்ளின் தரப்பு சொன்னதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. 1965இல் கறுப்பரின் ஓட்டுரிமைக்காக அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்குப் போன ஊர்வலத்தில் நடந்தபோது அவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். நடந்ததால் அவருடைய அடிக்குறிப்பு எதுவும் பொய்யாகிவிடவில்லை.

சரி, நடுநிலை என்று பெயர் வாங்கியவர்கள் என்ன எழுதினார்கள்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பருக்கு ஓட்டுரிமை கொடுத்ததே தவறு என்று எழுதினார்கள். பல்லாண்டுகள் அதுதான் பாடம். தெற்கே கறுப்பரை வாக்குச்சாவடிக்கு வரவிடாதவர்களுக்கு அந்தப் பாடம் தோதாக இருந்தது. அந்தக் காலகட்டத்தைச் சான்றுகளோடு திருப்பி எழுதியவர்களில் ஃபிராங்க்ளினும் ஒருவர். 1961இல் வந்தது அந்தப் புத்தகம். எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்ற கேள்வியை டன்னிங்கிடம் அவர் காலத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்?