4 டெராபைட் டிஸ்க்கில் பாதியைக் காணோம்!

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் புதிதாக 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் மாட்டினேன். விண்டோஸ் 10-இல் 2 டெராபைட்தான் வருகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மீதி கறுப்புப் பட்டையாக நிற்கிறது. அதில் ரைட் கிளிக் செய்தாலும் 'நியூ வால்யூம்' வேலை செய்யவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் மேல் பழி போடாதீர்கள். முதல்முறை மாட்டியபோது எம்பிஆரா, ஜிபிடியா என்று விண்டோஸ் கேட்டிருக்கும். டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று குறித்து வைக்கும் இரண்டு முறைகள் இவை; எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. எம்பிஆர் என்று சொல்லியிருப்பீர்கள். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுத எம்பிஆரில் 32 பிட் இடம்தான். அதில் சுமார் 429 கோடி செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) வரை எண்ணலாம். செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2,048 ஜிபி. அதற்கு மேல் எண்ண வழியில்லை. கறுப்புப் பட்டையில் 1,678 ஜிபி என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் கோளாறு.

டிஸ்க்கில் ஏற்றியதை முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வால்யூமை (பிரித்த பகுதியை) அழித்துவிட்டு, இடதுபக்கம் 'டிஸ்க் 1' என்றிருக்கும் சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்தால் 'கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்' வரும். பலரும் இதைப் பட்டையின் மேல் தேடிவிட்டு, இல்லை என்கிறார்கள். கட்டளை தட்டி வேலை வாங்கும் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் 'கிளீன்', பிறகு 'கன்வர்ட் ஜிபிடி' கொடுத்தும் செய்யலாம். ஆனால் டிஸ்க் எண் மாறினால் வேறு டிஸ்க் காலி. 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தரவு வைக்க மட்டும் என்றால் பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) போதும். அதிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் மதர்போர்டில் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ இருந்தாக வேண்டும்.

மாற்றிய பிறகும் 3.63 டெராபைட்தான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

கேள்வி: என் 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி மட்டும் காட்டுகிறதே?

பதில்: 3 டெராபைட் என்பது விண்டோஸ் கணக்கில் 2,794 ஜிபி. அதில் 2,048 போனால் 746. டிஸ்க்கை இயக்கும் பழைய சாட்டா டிரைவர் மென்பொருளோ, டிஸ்க்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து சொருகும் யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சிப்போ, 2,048-ஐத் தாண்டியதும் ஸ்கூட்டர் கிலோமீட்டர் மீட்டர் போலப் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறது. டிரைவரைப் புதுப்பியுங்கள், பெட்டியென்றால் மாற்றுங்கள். தரவு இருக்கும் டிஸ்க்கை இந்த நிலையில் ஃபார்மட் செய்யவே கூடாது. இன்னொன்று: சில பெட்டிகள் செக்டாரை 4,096 பைட்டாகக் காட்டும். அப்படிப்பட்ட பெட்டியில் எழுதிய டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் சொருகினால், 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய பெட்டியிலேயே மாட்டித் தரவை எடுங்கள்.