‘கோயிலில் இருக்கிறீரா?’ என்று இறைவனைக் கேட்கலாமா

வாசகர் ஐயங்களும் விளக்கங்களும்

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்து வருகிறோம். யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காதவர் அவர். ‘போன பிறவியில் செய்த வினை’ என்கிறார்கள் உறவினர்கள். ‘ஆண்டவன் தனக்கு வேண்டியவர்களைத்தான் சோதிப்பான்’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எல்லாம் வல்லவன் என்றால் அவன் ஏன் இதைத் தடுக்கவில்லை? சென்ற பிரதோஷத்தன்று சந்நிதியில் நின்று, ‘உனக்குக் கண் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டுத் தீபாராதனைகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். இது பாவமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது ஒன்றுக்குத்தான் தயக்கமில்லாமல் விடை சொல்ல முடிகிறது. பாவம் இல்லை. நீங்கள் கேட்டதைவிடக் கடுமையாகக் கேட்ட ஒருவருடைய பாடல்களைத்தான் ஏழாம் திருமுறை என்று தொகுத்து, அதே சந்நிதிகளில் ஓதுவார்கள் இன்றும் பாடி வருகிறார்கள்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சபதம் செய்து கொடுத்தார். பின்னர் வசந்த காலம் வந்தது. திருவாரூர் நினைவு மேலிட்டது. சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அந்த இடத்திலேயே இரு கண்களும் பார்வை இழந்தன. இறைவனே தோழனாக வாய்த்தவருக்கு, அவனுக்காகவே ஊர் ஊராய்ப் பாடி நடந்தவருக்கு நேர்ந்தது இது. ‘மூன்று கண்ணுடையாய், அடியேன்கண் கொள்வதே கணக்கு வழக்காகில், ஊன்றுகோல் எனக்கு ஆவதொன்று அருளாய்’ என்று அவர் பாடினார். மூன்று கண் வைத்திருக்கும் நீ என்னுடைய இரண்டையும் எடுத்துக்கொள்வதுதான் உன் கணக்கு என்றால், நடந்து போக ஒரு கோலாவது கொடு என்பது அதன் பொருள். நீங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டதும் அவர் கண்ணைப் பற்றிக் கேட்டதும் ஏறத்தாழ ஒரே தொனியில் இருப்பதைக் கவனியுங்கள்.

கண் தெரியாத நிலையில் அவர் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். இது திருவள்ளூருக்கு அருகில், பூண்டி ஏரிப் பக்கம் உள்ள தலம். சென்னையின் குடிநீருக்காக 1944-இல் கட்டிய நீர்த்தேக்கத்தில் பழைய கோயில் மூழ்கியதால், கரையில் வேறிடத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி, ‘கோயிலுளாயே’ என்பது. கோயிலில்தான் இருக்கிறாயா என்று கேட்கும் அளவுக்கு மனம் நொந்திருக்கிறது. அதற்கு உள்ளிருந்து வந்த மறுமொழியை அவரே பதிகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்: ‘உளோம் போகீர்.’ இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். ஏன் கண்ணை எடுத்தேன் என்ற விளக்கம் இல்லை. கண்ணைத் திருப்பித் தருகிறேன் என்ற உறுதியும் இல்லை. கையில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தக் கோலை அவர் சினந்து வீசியதால்தான் அங்குள்ள நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தல வரலாறு சொல்கிறது. ஒடிந்த கொம்போடுதான் நந்தி இன்றும் அமர்ந்திருக்கிறது. இறைவனுக்கும் ஊன்றீசுவரர் என்றே பெயர். அடியார் ஒருவர் கோபித்துக்கொண்டதை மறைக்காமல், கல்லிலும் சாமி பெயரிலுமாக வைத்துக்கொண்டு வழிபடும் சமயத்தில் பிறந்த நீங்கள், தீபாராதனை பார்க்காமல் வந்ததற்காக அஞ்ச வேண்டியதில்லை.

பிறகு காஞ்சிபுரத்தில் அவருக்கு இடக்கண் தெரிந்தது. ஒரு கண் கிடைத்த மகிழ்ச்சியோடு திருவாரூர் போனவர் அங்கேனும் பணிவாகப் பேசினாரா என்றால், இல்லை. ‘குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர், எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர், மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே’ என்கிறார். கொத்தை என்றால் குருடு. மற்றக் கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போம் என்பது, நம் வீடுகளில் மனம் வெறுத்தவர்கள் ‘நீயே நல்லா இரு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்குச் சமமான வசை. இத்தனைக்கும் வெண்பாக்கத்தில், தாம் பிழை செய்ததையும் பிழையிருந்தாலும் பொறுப்பான் என்று எண்ணியதையும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே பிழைத்தேன் என்றவர் இங்கே குற்றம் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். இதை முரண்பாடு என்று ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்ளலாம். நோய்ப்படுக்கைக்கு அருகில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஒரே மனத்தில் இவ்விரண்டும் மாறி மாறி எழும் என்பது தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வாழ்ந்து போதீரே’ என்பதுகூட இறைவனிடம் சொன்ன சொல்தான். அவனைப் பற்றி ஊராரிடம் சொன்ன சொல் அன்று. அதே பதிகத்தின் முதல் அடியில், ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே’ என்று தாம் வேறு எவரிடமும் போகாததையே தம் உரிமையாக அவர் எடுத்து வைக்கிறார். நம்பிக்கை என்று நான் கருதுவது இதைத்தான். துன்பத்துக்குக் காரணம் புரிந்துவிட்டதால் வருகிற நிம்மதியாகவோ, வாய்திறவாமல் பொறுத்துக்கொள்வதாகவோ அது இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவனிடம் கேட்பதை நிறுத்தாமல் இருப்பது போதும். நீங்கள் அடுத்த பிரதோஷத்துக்கும் போய், அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.

இனி உறவினர்கள் சொல்லும் வினைக்கு வருவோம். வினைக்கொள்கை நம் சமயத்தில் உண்டு. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை யார், எப்போது, யாரிடம் சொல்வது என்பதில் நம்மவர்கள் இரக்கமின்றி நடந்துகொள்கிறார்கள். திருஞானசம்பந்தர் உங்கள் பகுதிக்கு, திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. கொங்கு நாட்டில் அந்தப் பருவத்தில் அது வழக்கமாக வருவதுதான் என்று அறிந்தும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. ‘அவ்வினைக்கு இவ்வினையாம் என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே’ என்று தொடங்கித் திருநீலகண்டப் பதிகம் பாடினார். அந்த வினைக்கு இந்தத் துன்பம் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்று கேட்கிறார். அடுத்த முறை யாரேனும் போன பிறவிக் கணக்கை எடுத்தால், இவ்விரண்டு அடிகளை அவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள். டயாலிசிஸும் உய்வினைதான் அம்மா. செலவு கைமீறுமானால், தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சையும் அடங்கும். அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் உடனே விசாரியுங்கள்.

எல்லாம் வல்லவன் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் எஞ்சுகிறது. இதற்குச் சைவ சித்தாந்தம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறைவனுக்குத் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதாக உள்ள மறைத்தலை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. அவன் நமக்குத் தெரியாமல் இருப்பது நம் கண்ணின் குறை மட்டும் அன்று. அதுவும் அவன் செய்கிற ஒரு செயல், அதுவும் அருளைச் சார்ந்ததே என்று ஆசிரியர்கள் கொண்டார்கள். கசப்பாக வரும் அருளை மறக்கருணை என்றும் அழைத்தார்கள். அந்தச் சொல், பட்டவர் பிற்காலத்தில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துத் தாமாகச் சொல்லத்தக்கது. பக்கத்து வீட்டுக்காரரின் நோயைப் பார்த்து நாம் சொல்லத்தக்கது அன்று. ஆகவே உங்களுக்கு நான் அதைச் சொல்லப்போவதில்லை. உங்கள் கணவருக்கு இந்நோய் வந்த காரணம் எனக்குத் தெரியாது; தெரியும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: நாயன்மார் கதைகளில் எல்லாருக்கும் கடைசியில் நோய் தீர்ந்துவிடுகிறது. அப்பருக்குச் சூலை என்னும் வயிற்று நோய் தீர்ந்தது, சுந்தரருக்குக் கண் கிடைத்தது. என் அம்மாவுக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை, ஆனாலும் போய்விட்டார். அந்தக் கதைகளால் எனக்கு என்ன பயன்?
(கல்லூரி மாணவர், கடலூர்)

பதில்: தம்பி, அப்பர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சூலையில் தொடங்குவதால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் நடந்தது விடுபட்டுப்போகிறது. உங்கள் மாவட்டத்துக் கதைதான். பண்ணுருட்டிக்கு அருகில் உள்ள திருவதிகையிலும் திருவாமூரிலும் நடந்தது. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறபடி, அப்பருக்கும் அவர் அக்கா திலகவதியாருக்கும் தந்தையான புகழனார் இறந்தார். அந்தத் துயரிலேயே தாய் மாதினியாரும் உயிர்விட்டார். திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் அரசன் ஏவிய போருக்குப் போய் மாண்டார். அந்தப் பெண் தானும் இறந்துவிடவே துணிந்தாள். ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்ற இரக்கம் ஒன்றே அவளைத் தடுத்தது. ‘அம்பொன்மணி நூல் தாங்காது அனைத்துயிர்க்கும் அருள்தாங்கி’ இருந்தாள் என்கிறார் சேக்கிழார். தாலிக்கயிற்றைத் தாங்க வேண்டிய பெண் அருளைத் தாங்கினாள் என்று.

இந்த மூவரில் எவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்று புராணம் ஒரு காரணமும் கூறவில்லை. இறந்தவர்களை எழுப்பிய கதைகள் பெரிய புராணத்தில் இருக்கத்தான் செய்கின்றன. அப்பூதியடிகளின் மகனை எழுப்பியவரே திலகவதியாரின் தம்பிதான். இருந்தும் தம் தாயையும் தந்தையையும் அவர் எழுப்பவில்லை. ஆகவே எல்லாருக்கும் தீர்ந்துவிடுகிறது என்று நீங்கள் கொண்டது சரியன்று. தீராத துயரத்தோடு கடைசிவரை திருவதிகைக் கோயிலில் அலகிட்டும் மெழுகியும் பூப்பறித்தும் வாழ்ந்த ஒரு பெண் அந்தக் கதையிலேயே இருக்கிறாள். நம் பேச்சாளர்கள்தாம் அவளை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சமண சமயம் சார்ந்திருந்த தம்பிக்காகத் திலகவதியார் வேண்டியபோது, ‘சூலை மடுத்து ஆள்வம்’ என்று இறைவன் அவர் கனவில் சொல்லிவிடுகிறான். எனவே நோய் ஏன் வந்தது என்று அக்காவுக்குத் தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவருக்கு மட்டும் தெரியாது. ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்’ என்றுதான் அவர் தொடங்குகிறார். எமன்போல் வந்த இந்த நோயை விலக்க மாட்டீரா, நான் செய்த கொடுமை எதுவென்றும் அறியேன் என்கிறார். அந்த அறியாமையிலிருந்து பிறந்த பாட்டுத்தான் நான்காம் திருமுறையின் முதல் பாட்டு. காரணம் தெரிந்தபின் பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

உங்கள் வேண்டுதல் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இது விடை ஆகாது என்பதை நான் அறிவேன். கதைகளால் என்ன பயன் என்று கேட்டீர்கள். காரணம் தெரியாமலே தொடர்ந்து வாழ்ந்தவர்கள், தொடர்ந்து பாடியவர்கள் உங்களுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அதற்குமேல் அவற்றிடம் நான் எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: நோய் தீர எந்தப் பதிகத்தை எத்தனை நாள் ஓத வேண்டும்? ஒருவர் பரிகார பூஜைக்கு எழுபதாயிரம் ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: வேண்டாம். சுரத்துக்குத் திருநீலகண்டப் பதிகத்தையும், பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் பாடிய ‘மந்திரமாவது நீறு’ என்னும் திருநீற்றுப் பதிகத்தையும், வயிற்று நோய்க்குக் ‘கூற்றாயினவாறு’ பதிகத்தையும் ஓதுவது வழக்கம். எவற்றிலும் நாள் கணக்கோ கட்டணமோ விதிக்கப்படவில்லை. பண்ணோடு பாட வராவிட்டால் சும்மா படித்தாலே போதும். பக்கத்துச் சிவன் கோயிலில் ஓதுவார் இருந்தால், சொற்களைப் பிரித்துச் சொல்லித்தரக் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ஒன்றையும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள். அந்த எழுபதாயிரம் மருந்துச் செலவுக்கு ஆகட்டும்.