லேபர் கான்ட்ராக்டில் வீடு கட்டுகிறேன். கடைக்கால் முதல் கிரகப்பிரவேசம் வரை எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் உங்கள் நிலைமையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறீர்கள். கூலி மட்டும் மேஸ்திரிக்கு, பொருள் எல்லாம் நீங்கள் வாங்கித் தருவது. வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் இந்த வேலைக்கு மேலாளர் நீங்கள்தான்.

தனி வீடுகளுக்கு சைட் இன்ஜினியராக இருப்பவன் நான். வேலை இழுத்துக்கொண்டே போவதற்குக் கொத்தனாரின் வேகம் காரணமாக இருந்து நான் பார்த்தது குறைவு. வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய ஒரு முடிவு வராமல் ஆட்கள் காத்திருந்ததுதான் அதிகம். அதனால் எந்த வாரம் எந்த வேலை என்ற அட்டவணையை மேஸ்திரியோடு உட்கார்ந்து ஒரு மாலையில் போட்டுவிடலாம். அதோடு நீங்கள் தனியாக இன்னொன்று எழுத வேண்டும்: எந்த முடிவை, எந்த வேலை தொடங்கும் முன் எடுத்தாக வேண்டும் என்பது. இதைக் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள்.

மேல்தளக் கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் போடும் முன் எலக்ட்ரீஷியன் கம்பிக்கு இடையில் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்திருக்க வேண்டும். அவர் வைக்க வேண்டுமென்றால் கட்டில் எந்தப் பக்கம், ஏசி எந்தச் சுவரில், சாப்பாட்டு மேசை எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாடியில் குளியலறை வருமானால் அந்த இடத்தில் தளத்தை இறக்கிப் போட வேண்டும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிக்கும்போதே அது முடிவாகிவிடும். மாடியை ஐந்து வருடம் கழித்துத்தான் கட்டப் போகிறீர்கள் என்றாலும் மாடிக்கான வரைபடம் இப்போதே வேண்டும். தூண் கம்பியை எவ்வளவு மேலே விடுவது, கழிவுநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்குவது எல்லாம் அதைப் பொறுத்துத்தான். இதையெல்லாம் யோசிக்காமல் கான்கிரீட் போட்டுவிட்டுப் பிறகு தளத்தை உடைத்துத் துளை போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். கம்பி அறுபடும், அந்த இடத்தில் நீர்க்கசிவு வரும், செலவும் இரட்டிப்பு.

இதுபோலப் பலரும் கவனிக்காத இன்னொன்று தரை. டைல்ஸ் கடைசியில்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் டைல்ஸா கிரானைட்டா என்பது நிலைவாசல் நிறுத்தும் முன்பே தெரிய வேண்டும். வழக்கமான டைல்ஸ் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம், கிரானைட் அதைப்போல இரண்டு மடங்கு. முடிந்த தரை மட்டம் எது என்று தெரியாமல் நிலையை வைத்தால் பின்னால் கதவின் அடியைச் சீவ வேண்டி வரும்.

அடுத்தது காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்கால் தோண்டாதீர்கள், கரிசல் மண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தை மாதம் தொடங்கி, மழைக்கு முன் தளம் போட்டுவிட்டால், மழை நாட்களில் உள்பூச்சும் வயரிங்கும் நடக்கும். வெளிப்பூச்சையும் பெயின்டையும் மழைக்குப் பின் வையுங்கள். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் மறுநாளே திரும்புவதில்லை என்பதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்க வேண்டிய நாட்களைக் குறைக்கச் சொல்லி மேஸ்திரியை நெருக்காதீர்கள். முட்டுப் பிரிப்பதற்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம், தாங்கும் சுவர்களுக்கு அல்லது பீம்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். இது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் பலம் பிடிக்க இன்னும் கொஞ்சம் நாளாகும், அதனால் நான் 14 நாளுக்குக் குறைத்து விடுவதில்லை. தண்ணீர் கட்டி வைப்பதும் அதே அளவுக்கு. அந்த நாட்கள் வீண் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல், கிரில் அளவு கொடுத்து ஆர்டர் செய்ய, டைல்ஸ் பார்க்க, பிளம்பரோடு உட்கார இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரிந்திருக்கும்: அனுமதி, மண் பரிசோதனை, போர்வெல், தற்காலிக மின் இணைப்பு. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைதளமும் ஒரு மாடியும் கட்டுவதென்றால், 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக நீங்களே உறுதி கொடுத்து) இணையத்திலேயே அனுமதி வாங்கலாம்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், வங்கி ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் அடுத்த தவணையை விடும். தளம் போடும் சமயத்தில் கம்பி, சிமென்ட், சென்ட்ரிங் கூலி எல்லாம் சேர்ந்து வரும். அந்தக் கட்டத்தை உங்கள் கைக்காசில் தாண்ட முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். வங்கி தர வேண்டிய கடனில் பாதி மீதமிருந்தும் அந்த நேரத்தில் கையில் காசில்லாமல் வேலை நின்ற வீடுகள் இருக்கின்றன.

நடுவில் மாற்றம் வரத்தான் செய்யும். அம்மா பூஜையறையைக் கொஞ்சம் தள்ளச் சொல்வார், மைத்துனர் வந்து ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்வார். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வாழப்போவது நீங்கள். ஆனால் மாற்றத்தை நோட்டில் எழுதி, எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் தள்ளும் என்று மேஸ்திரியிடம் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதிய பிறகே சரி சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் மட்டும், மேஸ்திரியிடம் மட்டும் பேசட்டும். நின்றுகொண்டிருக்கும் கொத்தனாரிடம் ஆளுக்கொன்று சொன்னால் கட்டிய சுவரைத்தான் இடிப்பார்கள்.

கிரகப்பிரவேசத் தேதியை முதலிலேயே குறித்து அழைப்பிதழ் அடிக்காதீர்கள். தளம் இறக்கிய குளியலறைகளில் டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிக் கசிவு பார்க்க வேண்டும், குழாய்களில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தேதி நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டும்தான்.

அப்புறம், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியும். மேஸ்திரியின் கூலியில் ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் பிடித்து வைத்தால் சண்டை வரும், முதலிலேயே பேசியிருந்தால் மழையில் எங்காவது ஒழுகும்போது அவரே ஆளோடு வந்து பார்த்துக் கொடுப்பார்.