மறைத்த மாடும் சட்டமும்

கேள்வி: கோமாரி என்று சொன்னால் பால் சேகரிக்கிற இடத்தில் எங்கள் பாலை எடுக்கமாட்டார்கள். மாட்டு நோய்ச் சட்டமே வெள்ளைக்காரன் தன் பட்டியைக் காக்கப் போட்டதுதானே? நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பால் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது, உங்கள் பயம் நியாயமானது. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே பயத்தில்தான் மாட்டை மறைத்தார்கள்.

1714இல் லண்டனை அடுத்த இஸ்லிங்டனில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய்; கோமாரி அல்ல) பரவியது. நோய்ப்பட்ட மாடுகளை எரிக்கச் சொன்ன தோமஸ் பேட்ஸ் என்ற அரச சத்திரசிகிச்சை வைத்தியர், மாட்டுக்கு 40 ஷில்லிங் கொடுக்கவும் வழிசெய்தார். சில மாதங்களில் நோய் அடங்கியது. 1865இல் அது திரும்பி வந்தபோது பரிசோதகருக்குக் கொல்லும் அதிகாரம் மட்டும் கொடுத்தார்கள், நட்டஈடு கிடையாது. மாடுகள் ஒளிக்கப்பட்டன, விற்கப்பட்டன, நோய் நாடெங்கும் போனது. 1866 பெப்ரவரியில் வந்த சட்டம் நோயுற்ற மாட்டுக்குப் பாதி விலை (உச்சம் 20 பவுண்), கூட நின்றதற்காகக் கொல்லப்படும் நல்ல மாட்டுக்கு முக்கால் விலை (உச்சம் 25 பவுண்) என்றது. நேரத்தோடு சொன்னவருக்கே கூடுதல் பணம்! மறுவருடம் நோய் அநேகமாக ஒழிந்தது.

ஆகவே, பால் நிற்கும் நாட்களுக்கு ஈடு கேளுங்கள்; சங்கமாகச் சேர்ந்து உரத்துக் கேளுங்கள். மறைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இங்கே இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்ச் சட்டம் இருக்கிறது. கோமாரி கண்ட மாட்டை வழக்கமாக இங்கே கொல்வதில்லை. மாடுகளின் நடமாட்டத்தை நிறுத்தித் தடுப்பூசி போடுவார்கள். மறைத்தால் உங்கள் கன்றுதான் முதலில் போகும்: கிருமி இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கும், வாயில் கொப்புளம் தெரியுமுன்பே கன்று விழுந்து செத்துவிடும். பெரிய மாடும் கொப்புளம் வருமுன்பே கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். அதே புல் சாக்கு, அதே பால் கேன், அதே காளை என்று அடுத்த லயத்துக்குப் போய்விடும்.

மிருக வைத்திய அலுவலகத்துக்கு அன்றே சொல்லுங்கள். நல்ல மாட்டை முதலில் கறந்து, நோய் மாட்டைக் கடைசியில் கறவுங்கள். கன்றுக்கு நோய் மாட்டின் பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். 10 லீட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்து, பூட்சையும் தரையையும் கழுவுங்கள். முதலில் சாணத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்; சாணம் ஒட்டியிருந்தால் மருந்து அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. தடுப்பூசி வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை மாட்டு வியாபாரியைப் பட்டிக்குள் விடாதீர்கள்.